நான் வடை வாங்கப் போன நேரம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து இன்று முப்பத்தோராம் நாள். முன்பக்கத்துப் படத்தை அண்ணா தெரிவு செய்தார். தேவாரங்களை அம்மா தெரிவு செய்தார். கட்டுரையை, நான் பள்ளிக்கூட ரீச்சர் என்ற காரணத்தால், என் தலையில் கட்டினார்கள். கட்டியதோடு நில்லாமல், "திடீர் மாரடைப்பால் எம்மைப் பிரிந்தார்" என்று ஒரு வரியையும் அண்ணா சொல்லித் தந்தார். அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. அப்பாவின் இருதய வருத்தம் திடீரென வந்ததல்ல. அது எங்கள் வீட்டில் பல வருடம் இருந்தது. எனக்கு மட்டும்தான் அது திடீர்.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். அவர் தகப்பன், எங்கள் அப்பப்பா, துறைமுகத்தில் எழுதுவினைஞர். பிள்ளைகளில் மூத்தவரான அப்பா கணக்கில் கெட்டிக்காரர். மேலே படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். அப்பப்பா காலத்துக்கு முந்திப் போய்ச் சேர, மீசை முளைக்கும் வயதில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குப் போனார். தங்கைமார் எல்லோரையும் கரைசேர்த்த பிறகுதான் தனக்கென்று யோசித்தார். கலவரத்தில் வீடு எரிந்தபோது உடுத்த துணியோடு வெளியேறி, முகாமில் தங்கி, திரும்பி வந்து அதே கந்தோரில் அதே மேசையில் உட்கார்ந்தார். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால், "அது முடிஞ்சுது" என்பதோடு நிறுத்திவிடுவார். அம்மாவைக் கைப்பிடித்த பின் வெள்ளவத்தைக்கு வந்தவர், கடைசி வரை வெள்ளவத்தையை விட்டு அசையவில்லை.

அப்பாவிடம் எல்லோரும் கண்ட நற்குணங்கள் பல. நேரம் தவறமாட்டார். கோயிலில் முன்னுக்கு நிற்கமாட்டார், பந்தியில் முந்தமாட்டார். தெருவில் யாராவது கதை கொடுத்தால் குடையைத் தரையில் ஊன்றி நின்றுதான் பதில் சொல்லுவார். நடந்துகொண்டு கதைப்பது ஆளை மதிக்காத வேலை என்பது அவர் கொள்கை. சந்தைக்குப் போகும் வழியெல்லாம் அப்படி நின்று நின்று கதைப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா பொய்யைப் பொறுக்கமாட்டார். சின்ன வயதில் ஒருநாள் பல் துலக்காமலே துலக்கினேன் என்றேன். அவர் போய்ப் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அடிக்கவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. படுக்கப் போகும்போது சொன்னார்: "பொய்க்குக் கால் இல்லைப் பிள்ளை. ஆரேன் ஒராள் அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேணும்." அதை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள் என்று தெரிந்த அன்று, முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தப் பிரஷ்தான்.

நாலாவது ஆள் டொக்டர் மாமா. அப்பாவோடு கொட்டாஞ்சேனையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, ஓய்வெடுத்து, பாமன்கடையில் குடியிருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் என்றால் பையும் குடையுமாக எங்கள் வாசலில் நிற்பார். எங்களில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மூட்டு வலி என்றாலும் அவர்தான் பார்ப்பார். காலி வீதியில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்திலேயே ஒரு கிளினிக் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, நம்பர் துண்டு எல்லாம் உண்டு. அப்பா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். "அங்க நம்பரைப் பாப்பினம். இவன் ஆளைப் பாக்கிறான்" என்பார். நாங்களும் அதைக் கேட்டுத் தலையாட்டி, இந்தக் காலத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் வைத்தியர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம். அதிகம் பீற்றியது நான்தான்.

டொக்டர் மாமா வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா என்னைக் கூப்பிடுவார். "பிள்ளை, சந்தைக்குப் பக்கத்துக் கடையில இப்பதான் வடை போடுவாங்கள். சூடா வாங்கிக்கொண்டு வா." வீட்டில் பலகாரம் இருந்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி, வடை வேண்டும். நான் போய் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வரும்போது நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முந்நூற்று நாலு விளையாடிக்கொண்டிருப்பார்கள். அப்பாவும் டொக்டர் மாமாவும் ஒரு கட்சி, அம்மாவும் அண்ணாவும் மறு கட்சி. அந்தச் சீட்டாட்டத்துக்கு நாலு கைதான் கணக்கு. ஐந்தாவது ஆளான நான் தேநீர் ஊற்றுவேன். விருந்தாளியை வெறும் வயிற்றோடு விடாத அப்பாவின் பண்பை மெச்சிக்கொண்டே ஊற்றினேன்.

இவ்வளவு காலமும் ஒன்றும் தெரியாமலா இருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் மாடியில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, அதே ஒழுங்கையில் நுளம்புக் கடியும் இருட்டுமான கீழ்மாடி வீட்டுக்கு மாறினார்கள். லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்றார் அண்ணா. நம்பினேன். அப்பாவின் கால் வீங்கியிருந்தது. வயது போனால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார் அம்மா. நம்பினேன். நம்பாமல் இருப்பதற்கு எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பழக்கவில்லை.

அதற்காக நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் கண்ணில் வெள்ளை படர்ந்தபோது, ஒரு வருடமாக எல்லோரும் கெஞ்சிக் களைத்த பிறகு, நான்தான் ஓட்டோவை வாசலில் நிறுத்தி, சேர்ட்டைக் கையில் கொடுத்து, ஏறும் வரை படலையை விட்டு நகராமல் நின்றேன். கத்தினார். பிறகு ஏறினார். சத்திர சிகிச்சை முடிந்து பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படித்தபோது, "இவள் ஒருத்திக்குத்தான் நான் பயம்" என்று டொக்டர் மாமாவிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

என்னைக் கொட்டாஞ்சேனையில் கட்டிக்கொடுத்தார்கள். தான் பிறந்த இடத்துக்கே மகள் வாழப் போகிறாள் என்று அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். கணவர், அவருடைய தாயாரான மாமி, நான் என்று நாங்கள் இருக்கும் வீடு மூன்றாம் மாடி. அப்பா அந்த வீட்டுக்குள் ஒருநாளும் வரவில்லை. மகள் பிறந்து நான் வீட்டுக்கு வந்தபோதுகூட, அம்மாவும் அண்ணாவும் மேலே வந்தார்கள். அப்பா கீழே ஓட்டோவில் இருந்தார். பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நான் இறங்கிப் போய்க் காட்டினேன். பிள்ளையைப் பார்க்க அவர்கள் இரண்டாம் தடவை வந்தபோதும் அப்படியே நடக்க, எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு என்ர மாமி வீட்டில கால் வைக்க வெக்கமோ அப்பா? அப்பிடியெண்டா ஏன் என்னை இஞ்ச தந்தனீங்கள்?" என்று தெருவில் வைத்தே கேட்டேன். அம்மா பக்கத்தில் நின்றார். அண்ணா பக்கத்தில் நின்றார். அப்பா பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தபடி, "கோவிக்காதை பிள்ளை, பிறகொரு நாளைக்கு வாறன்" என்றார். அதன் பிறகு ஒரு மாதம் நான் வெள்ளவத்தைக்குப் போகவில்லை. நான் கனடாவில் இருக்கவில்லை, ஐயா. பஸ் ஏறினால் வந்துவிடலாம். அந்த ஒரு மாதத்திலும் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

கடைசி நாளும் சனிக்கிழமைதான். அண்ணா தொலைபேசியில், "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறம். பதறாமல் ஆறுதலா வா" என்றார். ஆறுதலாய் வா என்றால் என்ன பொருள் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அப்பாவுக்குச் சாறு பிழிந்து கொடுக்க வழியில் இறங்கித் தோடம்பழம் வாங்கினேன். நான் போய்ச் சேரும்போது அப்பா இல்லை.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. இளம் வைத்தியர் ஒருவர், நல்ல பிள்ளை, மிகவும் தயவாக, இவருக்கு இருதய வருத்தம் எவ்வளவு காலமாக இருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். இருக்கவில்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் டொக்டர் மாமா, அழுத முகத்தோடு, யோசிக்காமல், அதே சிங்களத்தில் பதில் சொன்னார். இருதயம் பலவீனப்பட்டு வந்தது, நானே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்து வந்தேன், இந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு முந்தியே தொடங்கியது என்றார். சொல்லும்போது கையால் என்னைக் காட்டினார். காட்டிய பிறகுதான் நான் நிற்பதைக் கண்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்தார். தோடம்பழப் பை என் கையிலேயே இருந்தது.

செத்த வீட்டில் நான் அழவில்லை என்று சிலர் கதைத்ததாக அறிந்தேன். உண்மைதான். அழுவதற்கும் ஒரு உரிமை வேண்டும் போல் இருந்தது. எல்லோரும் பல வருடமாக ஆயத்தமாகி வந்த ஒரு துக்கத்துக்கு நான் மட்டும் அழைப்பில்லாமல் வந்தவளைப் போல மூலையில் இருந்தேன்.

சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று அம்மாவையும் அண்ணாவையும் இருத்திக் கேட்டேன். அம்மா சொன்னார். எனக்கு முதலில் பேசிய சம்பந்தம் ஒன்று குழம்பியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பொருத்தம் சரியில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பொருத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம். மூச்சு இளைக்கிறது என்று அப்பா காலி வீதிக் கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு இருந்ததை மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டிருக்கிறார். பெண்ணின் தகப்பன் இருதய வருத்தக்காரன், பரம்பரையோ என்னவோ என்று கதை போய், பேச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அப்பா கிளினிக் வாசலை மிதிக்கவில்லை. கூட்டாளி வீட்டுக்கு வந்து சீட்டாடினால் யாருக்கும் சந்தேகம் வராது என்று கண்டுபிடித்தார். வெள்ளவத்தையில் ஆள் கிளினிக்கில் இருந்தால் மறுநாள் கோயிலில் விசாரிப்பார்கள். வீட்டுக்குள் வரும் விருந்தாளியை யார் விசாரிக்கிறார்கள்?

"உனக்காகத்தானே பிள்ளை" என்றார் அம்மா.

எனக்குத் தாலி ஏறிய பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால், மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று மாமி வீட்டில் உனக்கு மதிப்புக் கெடும் என்று யோசித்தோம் என்றார் அண்ணா. பிறகு நான் பிள்ளைத்தாய்ச்சி. பிறகு பச்சை உடம்புக்காரி. பிறகு, இவ்வளவு காலம் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்ற வெட்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். நியாயங்களை அடுக்கிப் பார்த்தால் மூன்றாம் மாடிக்கே ஏறிவிடலாம்.

என் மாமியிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தூக்கிச் சுமக்க நான் ஐந்தாவது ஆளாக மாட்டேன் என்று முடிவெடுத்து, கணவரையும் மாமியையும் கூப்பிட்டுச் சொன்னேன். கணவர் திகைத்துப் போனார். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த அன்றே தனக்குத் தெரியும் என்றார். அன்று அவர்களை வழியனுப்ப அப்பா காலி வீதி வரை நடந்து வந்தாராம்.

"நடக்கேக்க கதைக்கேல்லை. கதைக்கேக்க நடக்கேல்லை. என்ர மனுசனும் கடைசிக் காலத்தில அப்பிடித்தான், மூச்சுக் காணாமல் நிண்டு நிண்டு கதைச்சவர். அதுக்காக ஒரு நல்ல குடும்பத்தை வேண்டாமெண்டுறதே?"

அப்படியானால் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதெண்டு எனக்கென்னண்டு தெரியும்? நீயும் சேர்ந்து மறைக்கிறாய் எண்டல்லோ நினைச்சனான். சம்பந்தி மூடி வைச்சதை நான் ஏன் திறப்பான்?"

ஆக, யாருக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் வீட்டார் இவ்வளவு பாடுபட்டார்களோ, அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. கடைசியில் அந்த இரகசியம் காக்கப்பட்டது என் ஒருத்தியிடமிருந்துதான். நான் மரியாதை என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தது அப்பாவின் மூச்சுத்திணறலை. அதை ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்த மாமி எங்கே, அவர் மடியில் வளர்ந்த நான் எங்கே.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த சனிக்கிழமை டொக்டர் மாமா வந்தார். அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அண்ணாவிடம், "அண்ணா, சந்தைக்குப் பக்கத்துக் கடையில இப்ப வடை போடுவாங்கள். போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றேன். அண்ணா குடையை எடுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் மாமாவுக்கு எதிரில், அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தேன். கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருந்தால் அப்பா இருந்திருப்பாரா என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பான். பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டு, ஸ்கான் எடு எண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னனான். மாட்டனெண்டவன். என்ர மருந்து போதுமெண்டவன். என்ர மருந்து காணாதெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப என்னட்டச் சொல்லியிருக்கலாமே மாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுதான் பிள்ளை. உன்ர கலியாணம், மாமி எல்லாம் பிறகு அவன் சொன்ன சாட்டு. உன்னட்டச் சொன்னா நீ ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில விட்டிடுவாய். ஏத்தாமல் விடமாட்டாய். அவனுக்கு அது தெரியும். எங்களையெண்டா அவன் சமாளிப்பான்."

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்காக மறைத்தார்கள் என்றால், கோபித்துவிட்டு ஆறியிருப்பேன். என்னிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றுவதற்காக மறைத்திருக்கிறார்கள். அவரைப் பிடித்து இழுத்துப் பிழைக்க வைக்கக்கூடிய ஒரே ஆள் நான் என்று தெரிந்துதான் சனிக்கிழமை தோறும் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். அப்பா, இதை நீங்கள் எங்கிருந்து கேட்டாலும் கேளுங்கள். நீங்கள் எனக்குச் செய்தது துரோகம். ஆஸ்பத்திரியில் படுக்காமல் உங்கள் வீட்டில், உங்கள் கதிரையில், கூட்டாளியோடு சீட்டாடிக்கொண்டு வாழவேண்டும் என்பது உங்கள் விருப்பம் என்றால், அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். நீங்களும் கத்தியிருப்பீர்கள். ஆனால் கொட்டாஞ்சேனைத் தெருவில் வைத்து அந்தக் கேள்வியை நான் உங்களிடம் கேட்டிருக்கமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு மூன்று தரமென்றாலும் கீழே இறங்கி வந்திருப்பேன்.

சென்ற வாரம் அம்மாவுக்குத் தலைச்சுற்று. காலி வீதிக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், நம்பர் எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்து வாங்கில் தெருவுக்கு முகம் காட்டி இருத்தினேன். தெரிந்தவர்கள் போகும்போதெல்லாம் கையைக் காட்டினேன். அம்மா முதலில் சேலைத் தலைப்பை இழுத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்.

இனி நன்றி சொல்லும் கடமை. செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், அயல் வீடுகளிலிருந்து சாப்பாடும் தேநீரும் தந்தவர்களுக்கும், கிரியைகளை நிறைவாகச் செய்து தந்த குருக்களுக்கும், கடைசி நேரத்தில் பாடுபட்ட ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், அந்த இளம் வைத்தியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கண்டதைக் குறையாக எண்ணாத என் மாமிக்குத் தனியாக நன்றி. அப்பாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் மகளாகவும் தங்கையாகவும் நன்றி சொல்லவேண்டும். சொல்கிறேன். மன்னிப்பு வேறு விடயம், அதற்கு இன்னும் நாள் எடுக்கும்.

டொக்டர் மாமா, மழை வெயில் பாராமல் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்த உங்கள் கால்களுக்கு நன்றி. தொடர்ந்து வாருங்கள். அம்மாவின் பிரஷரை விறாந்தையில் எல்லோருக்கும் முன்னால் வைத்துப் பாருங்கள். சீட்டாட்டத்தில் ஒரு கை குறைகிறது. அதில் நான் இருப்பேன். வடை வாங்க அண்ணா போவார். நான் வீட்டை விட்டு அசையமாட்டேன்.

மகள்